கனடாக்காரனுக்கு ஒரு பதில்

"செத்த இரு, இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வாரேன்" என்று அக்கா சொன்னால், அந்தச் செத்த நேரம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். தயிர்சோறு காய்ந்து விளிம்பு கட்டிப்போகும். கடைசியில் நான் மட்டும் சாப்பிட்டுக் கைகழுவி வருவேன். அவள் அப்போதும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடி தட்டிக்கொண்டிருப்பாள். குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். பதில் பாக்கி இருக்கும்போது அவளுக்கு உட்கார வராது.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். எஸ்டிடி பூத்தாக ஆரம்பித்த கடை அது. முதலாளியை ஊரில் எல்லோரும் பாய் என்பார்கள். பூத்தோடு ஒரு ஜெராக்ஸ் மெஷின் சேர்ந்தது, பிறகு பிளைவுட் தடுப்பு வைத்த இன்டர்நெட் கம்ப்யூட்டர்கள். பின் அறையில் ஒரு கலர் டிவியும் வீடியோ கேம் மெஷினும் வாடகைக்கு இருந்தன. ஜப்பான் மெஷின், சென்னையில் யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கியது. வயதாகிவிட்டதால் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் அதில் சிடி ஓடும்.

நான் பூத்தில் பில் கொடுப்பவள். அக்கா இன்டர்நெட்டையும் கேம் அறையையும் பார்த்துக்கொண்டாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், அதனால்தான் அக்கா. பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கோயில் பக்கம் அவள் அப்பாவுக்கு வளையல் கடை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிட்டது. பின் அறையில் இரண்டு கல்லூரிப் பையன்கள், தளவாய்புரம் செல்வமும் எங்கள் ஊர் வெங்கட்டும், கார் ரேஸில் எந்தக் காருக்கு வேகம் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெங்கட் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கோபம் வந்தால் பேச்சு அதிலேயே போய்விடும். கல்லாவில் நின்ற அக்கா எட்டிப் பார்த்தாள். எல்லாக் காரும் ஒரே வேகம்தான், திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல் போகத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்றாள். செல்வம் ஜாய்ஸ்டிக்கை நீட்டினான். அவள் விளையாடினாள், தோற்றாள். திரும்ப விளையாடினாள், அப்போதும் தோற்றாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்த வாரம் முழுக்க அந்த ரேஸையே ஓட்டினாள். பிறகு பையன்கள் வந்ததும், வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"ஏலே செல்வம், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மஞ்சக் காருக்கு வேகம் சாஸ்திதான். ஆனா திருப்பத்துல அது வளையாது. அதையும் கேட்டுக்கோ."

இதுதான் அவள். தவறான பேச்சு ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைத் திருத்தாமல் இருக்க முடியாது. தவறு அவளுடையதாக இருந்தாலும் அப்படியே. யாரும் கேட்காவிட்டாலும் வந்து ஒப்புக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் வியர்த்து வழிய, நேரம் கழித்து வந்தாள். பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர், பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அக்காவின் சித்தி வீடு அந்த அணைக்குக் கீழே கூமாப்பட்டியில். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போய்வந்தாள், கால்வாய் காய்ந்து கிடந்ததைப் பார்த்தவள். சும்மா இருப்பாளா? அவர் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னாராம். எந்தப் பேப்பர், என்றைக்குப் பேப்பர் என்று இவள் கேட்டுக்கொண்டே போக, இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். யாரோ ஒரு ஆளுக்காக எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். அந்த ஆள் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போவானே என்றாள். அன்று பூராவும் அவளுக்கு அதே நினைப்பு.

பாய் அவளைத் திட்டியதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, வாடிக்கையாளர்களிடம் மட்டும் பார்த்துப் பேசும்மா என்பார். சரி என்பாள். சாயங்காலமே யாரிடமாவது தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் எஸ்டிடி கோடு ஒன்றல்ல என்று நிரூபித்துக்கொண்டிருப்பாள்.

ஜப்பான் கம்பெனி புது மெஷினை அறிவித்தது அந்தச் சமயத்தில்தான். செய்தியை முதலில் கொண்டுவந்தவன் வெங்கட். இன்டர்நெட்டில் படம் போட்டிருக்கிறார்கள் என்றான். நாங்கள் நான்கு பேரும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கி நின்றோம். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வந்தது. ஒரு மனித முகம். மயிர்க்கால் தெரிகிற முகம். கேமில் அப்படி ஒரு முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. செல்வம் இதெல்லாம் ஏமாற்று, சினிமாப் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றான். வெங்கட் அவனை அடிக்கப் போனான். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். பழைய மெஷினின் சிடிகள் இந்தப் புது மெஷினிலும் ஓடுமாம். இந்த அறிவிப்பிலேயே பெரிய விஷயம் இதுதான் என்று அவள் சொன்னதும், பையன்கள் இருவரும் சண்டையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அமெரிக்காவில் யாரோ நடத்திய ஒரு விவாதப் பக்கம் இருந்தது. உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் அந்த மெஷினைப் பற்றி அங்கே அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றக் கம்பெனிகளின் கதை முடிந்தது என்பான். ஒருவன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பான். படம் நிஜமா பொய்யா என்று நூறு பேர் நூறு விதமாக எழுதுவார்கள். முதலில் பையன்கள் சொல்லச் சொல்ல அக்கா தட்டிக் கொடுத்தாள், அவர்களுக்கு இங்கிலீஷும் விரலும் அவ்வளவு ஓடாது. சில நாளில் அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். பெயருக்குப் பதில் இனிஷியல் இரண்டு எழுத்து மட்டும் போட்டாள். எல்லோரும் அவளை ஆண் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை, அதை யாரும் கேட்கவில்லை என்பதால்.

அங்கேதான் கனடாக்காரன் வந்து சேர்ந்தான். அவனுக்கும் ஏதோ புனைப்பெயர்தான், கனடா என்று மட்டும் போட்டிருந்தான். விஷயம் தெரிந்தவன், நீளமாக எழுதுவான், எல்லோரும் அவன் பேச்சைக் கேட்பார்கள். பழைய சிடி ஓடுவதில் என்ன பெருமை, புதுசை வாங்குகிறவனுக்குப் பழைய குப்பை எதற்கு என்று எழுதியிருந்தான். அக்கா எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். படித்து முடிப்பதற்குள் குதிகால் தட்ட ஆரம்பித்தது.

குருவி மாதிரி சேர்த்து வாங்கியவனுக்குத்தான் அது குப்பையா இல்லையா என்று தெரியும் என்று எழுதினாள். புது மெஷின் வந்ததும் பழைய விளையாட்டெல்லாம் செத்துப்போவதுதான் இத்தனை நாளாக நடந்தது, முதல்முறையாக ஒரு கம்பெனி அதைச் சாக விடவில்லை என்றாள். அவன் பதில் சொன்னான். இவள் அதற்குச் சொன்னாள். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது.

இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. மத்தியானம் அனுப்பினால் மறுநாள் காலையில்தான் பதில் வரும். இடையில் அவள் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. ஜெராக்ஸ் தாளைக் கோணலாக வைப்பாள். பூத்துக்கும் பின் அறைக்கும் நடப்பாள். சுடிதார் துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி நூல் பிரிந்துவிட்டது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிட்டத்தட்ட ஓடிவருவாள். ஷட்டரைத் தூக்குகிறபோதே மோடத்தைப் போட்டுவிடுவாள், அந்தக் கரகர சத்தம் அடங்குகிறவரை என்ன கேட்டாலும் காதில் விழாது. சாயங்காலம் போன் பேசக் கூட்டம் வந்தால் பாய் இன்டர்நெட் லைனைப் பிடுங்கி பூத்தில் கொடுத்துவிடுவார். பாதிப் பதிலில் அறுந்துபோன நாளில் அவள் வீட்டுக்குப் போகிற முகத்தைப் பார்க்க முடியாது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். கூடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே கதவோரம் நின்றோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவள் அப்பாவிடம், பெண் வேலைக்குப் போவது சும்மா பொழுது போகத்தானே என்று கேட்டார். அப்பா சிரித்து, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வளையல் ஒன்று உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"பொழுது போகாம இல்ல மாமா. வேலை புடிச்சிருக்கு, அதான் போறேன்" என்றாள் உள்ளேயிருந்தே.

மெதுவாகத்தான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அன்றிலிருந்து அவள் அம்மா அந்தக் கடைக்குப் போகவே வேண்டாம் என்று ஆரம்பித்தாள். பையன்கள் விளையாட வருகிற இடம் என்று யாரோ வேறு சொல்லிவிட்டார்கள். "நான் என்ன கெட்ட வார்த்தையா பேசிட்டேன்?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். பிறகும் இரண்டு மூன்று தடவை அதையே கேட்டாள்.

அந்த வாரம்தான் கனடாக்காரன் அந்தக் கேள்வியைக் கேட்டான். இவ்வளவு பேசுகிறாயே, உன் வீட்டில் இருப்பது என்ன மெஷின்? எத்தனை சிடி வைத்திருக்கிறாய்? கேள்விக்குக் கீழே அவன் ஆட்கள் வரிசையாக, ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு வீட்டில் மெஷின் கிடையாது. ஒரு சிடி கூடக் கிடையாது. இருந்த ஒரே கறுப்பு வெள்ளை டிவியிலும் படம் உருண்டுகொண்டே இருக்கும்.

செல்வம் சுலபமாக வழி சொன்னான். பழைய மெஷின் ஒன்று, சிடி ஒரு முப்பது என்று எழுதுங்கள், அவன் என்ன கனடாவிலிருந்து வந்து எண்ணப்போகிறானா என்றான். வெங்கட்டுக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனக்கும் கூட. ஒரு வரிப் பொய், அதோடு வாதத்தைத் தொடரலாம். அன்று அக்கா பதில் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. பதில் இல்லாத நாளில் அவளை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. டீ வாங்கி வைத்தால் குடிக்க மறந்துபோவாள். யாராவது கூப்பிட்டால் திடுக்கென்று திரும்புவாள். அந்தப் பக்கத்தில் இதற்குள், ஆள் ஓடிவிட்டான், வெறும் வாய் என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்றாவது நாள் கடை திறந்ததும் நேராகப் போய்த் தட்டினாள். முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குச் சொந்தமாக மெஷின் எதுவும் இல்லை. நான் இந்தியாவில், தெற்கே ஒரு சின்ன ஊரில், டெலிபோன் கடையில் வேலை பார்க்கிறேன். கடை மெஷினில் ஆள் இல்லாத நேரம் விளையாடுவேன். தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் விளையாடுவேன். நான் ஒரு பெண். இதனாலெல்லாம் பழைய சிடியைப் பற்றி நான் சொன்னது பொய்யாகிவிடாது.

அனுப்பிவிட்டு, அப்பாடா என்றாள். அன்று முழுக்க அவள் குதிகால் தட்டவில்லை. கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும், அதற்கும் பதில் இருக்கிறது என்றாள்.

ஆனால் அவர்கள் கேலி செய்தது அவளுடைய ஏழ்மையை அல்ல. யாரும் நம்பவில்லை. மறுநாள் காலை பக்கம் பூராவும் சிரிப்பு. பெண்கள் இதிலெல்லாம் பேச மாட்டார்கள் என்று ஒருவன். மாட்டிக்கொண்டதும் நல்ல கதை விடுகிறான் என்று ஒருவன். அதுவரை அவள் பக்கம் பேசிய ஒருவன் கூட, இப்படிப் பொய் சொல்லியிருக்க வேண்டாம், நான் உன்னை நம்பினேன் என்று எழுதியிருந்தான். கடைசியில் கனடாக்காரன் ஒரே வரி போட்டிருந்தான்: எல்லாம் சரி, இந்தியாக் கதையில் யானையைக் காணோமே.

அக்கா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலைல கோயில் யானை வந்துச்சுன்னு தெருவுல ஒதுங்கி நின்னேன்டி. அதனாலதான் பஸ்ஸையே விட்டேன்" என்றாள். செல்வம் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வெங்கட்டுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. தெலுங்கில் என்னென்னவோ சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தான். ஒரு போட்டோ போட்டால் போதும், எல்லோர் வாயும் அடைத்துவிடும் என்றான். தெரிந்த அச்சாபீசில் ஸ்கேனர் வந்திருக்கிறது, பத்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம், இந்தக் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது என்றான். செல்வமும் சேர்ந்துகொண்டான். எனக்கும் அவளை எப்படியாவது ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்றிருந்தது. போட்டோ ஏதும் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன்.

இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். தரகரிடம் கொடுக்கச் சொல்லி அன்று காலையில்தான் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஸ்டுடியோவில் பின்னால் வரைந்த மலை. கண்ணை அகலத் திறந்துகொண்டு, வாயை இறுக்கி மூடி நின்றிருந்தாள். அது அவள்தானா என்று எனக்கே ஒரு நொடி சந்தேகமாக இருந்தது.

வெங்கட் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"பொண்ணு பாக்க வாரவுகளுக்குத்தான் இதைக் காட்டிக்கிட்டுத் திரியுறோம். இவனுகளுக்குமா காட்டணும்?"

உங்களைப் பொய் என்கிறார்களே அக்கா என்றான் அவன். அவள் கவரை மடித்துப் பையில் வைத்தாள். அவ்வளவு நிதானமாக அவள் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

"இம்புட்டு நாளும் என் மொகத்தப் பாக்காமத்தான எங்கூடச் சண்டை போட்டானுக. அதுதான்ல எனக்குப் புடிச்சிருந்துச்சு."

பையன்கள் பின் அறைக்குப் போனார்கள், ஆனால் விளையாடுகிற சத்தம் வரவில்லை. கனடாக்காரனின் அந்த யானை வரிக்கு அக்கா பதில் எழுதவே இல்லை. எனக்குத் தெரிந்து அவள் அப்படியே விட்டுவிட்ட ஒரே பேச்சு அதுதான்.

புது மெஷின் எங்கள் ஊருக்கு வந்தபோது அக்கா கடையில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீட்டில் பெரிய சண்டை, அதிலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான் என்று கேள்விப்பட்டேன். பிறகு அங்கேயே கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வந்தது, என்னால் போக முடியவில்லை. பழைய சிடி புதிதில் ஓடியதா என்றால், ஓடியது. செல்வம் போட்டுப் பார்த்துவிட்டு என் பூத்துக் கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனான். அவளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அதெல்லாம் பின்னால்தான் வரும். முதலில் வருவது அந்தப் போட்டோ சமாச்சாரத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து நடந்த ஒன்று.

அதற்குள் அவள் வேறு பெயரில் அந்தப் பக்கத்தில் நுழைந்திருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவருவது மறுபடி ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை பழைய சிடியைப் பற்றி அல்ல, கேமைச் சேமித்து வைக்கிற மெமரி கார்டு பற்றி எழுதினாள். கனடாக்காரன் வந்தான், வாதாடினான், ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டான். உனக்கு விஷயம் தெரிகிறது, முன்னால் இங்கே ஒரு புளுகன் இருந்தான், அவன் மாதிரி இல்லை நீ என்று பாராட்டி எழுதியிருந்தான். அக்கா எனக்கு வாசித்துக் காட்டினாள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவள் உதடு இரண்டுக்கும் நடுவில் நின்றது.

நீ புளுகன் என்கிற அந்த ஆள் பழைய சிடியைப் பற்றிச் சொன்னது சரிதான், அவள் சொன்னதை மறுபடி படித்துப் பார் என்று பதில் போட்டாள்.

மறுநாள் அவன் பதில் வந்திருந்தது. அவளா? அந்தக் கதையை நீயுமா நம்புகிறாய்?

கடையில் ஒருவர் ஜெராக்ஸுக்குக் காத்து நின்றார். பாய் லைனைப் பிடுங்குவதற்குத் தோதாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கம் பக்கமாக எழுதப்போகிறாள், இன்று எத்தனை மணிக்கு நகர்ந்து வருவாளோ என்று நினைத்தேன். அவள் ஒரே வார்த்தைதான் தட்டினாள். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நம்புறேன்னு போட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, ஜெராக்ஸுக்கு நின்றவரிடம் எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனாள்.